பழைய செட்டிநாட்டு வீட்டை ‘நெட் ஜீரோ’ ஆக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊரில் சுண்ணாம்புக் காரை வீடு, நாட்டு ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்களிடம் வந்த அதே ஆட்கள் அடுத்த ஊர்களிலும் வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பெயரைப் போட முடியாது, வழக்கு நடக்கிறது. ஆனால் எப்படி வந்தார்கள், என்ன சொன்னார்கள், வீட்டை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல யாரும் தடை போடவில்லை.

எங்கள் வீடு நூறு வருடம் தாண்டியது. முகப்பு, பட்டாலை (உட்காரும் கூடம்), நடு முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, பின்னால் அடுப்படி என்று வழக்கமான அமைப்பு. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்து இழைத்த வழவழப்பான சுவர். அந்தச் சுவரில் சித்திரை மாத மத்தியானத்திலும் கையை வைத்தால் குளுகுளு என்று இருக்கும். பங்காளிகள் ஏழு புள்ளி (குடும்பம்), எல்லாரும் வெளியூர், வெளிநாடு. வீட்டில் நிரந்தரமாக இருப்பது என் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டும்தான். நல்லது கெட்டதுக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் கூடுவோம்.

மின்சாரச் செலவைப் பங்கு பிரிப்பதில் சின்னச் சின்னப் பேச்சு வந்ததால், சோலார் போட்டுவிடலாம் என்று பொதுவில் முடிவானது. விசாரித்தபோதுதான் ஒரு நிறுவனம், சோலார் மட்டும் இல்லை, வீட்டையே முழுசாக நெட் ஜீரோ ஆக்கித் தருகிறோம் என்று வந்தது. அதாவது ஒரு வருடத்தில் வீடு எடுக்கும் மின்சாரமும் வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரமும் சரிக்குச் சரியாக வந்துவிடும், பில்லே இருக்காது என்றார்கள். ட்ரோன் பறக்கவிட்டார்கள், தெர்மல் கேமராவில் சுவர்களைப் படம் பிடித்தார்கள், லேப்டாப்பில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். மொத்தம் 18 லட்சம், கையெழுத்தானதும் 60 சதவீதம் என்று ஒப்பந்தம். பாரம்பரிய வீட்டுக்கென்றே தனியாக ஒரு குழு வைத்திருக்கிறோம் என்று சொல்லித்தான் அந்தக் காசை வாங்கினார்கள். வேலைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தவர் இல்லை என்பது பிறகு அவர்கள் வாயாலேயே தெரிந்தது.

முதலில் கூரை. ஓட்டுக் கூரைக்கு அடியில், கைமரத்துக்கும் (சாய்வாகப் போகும் கூரை மரம்) ரீப்பருக்கும் (அதன்மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்) இடையில், ஸ்ப்ரே ஃபோம் (பீய்ச்சினால் பொங்கி இறுகும் நுரை) அடித்தார்கள். வெயில் இறங்காது என்றார்கள். நம் ஊர்க் கூரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டதுமே வயிறு கலங்கும். கைமரம், ரீப்பர், அதன்மேல் தட்டோடு (தட்டையான ஓடு), அதற்கும் மேல் இரண்டு மூன்று வரிசை நாட்டு ஓடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால்தான் சூடு வெளியேறுகிறது, மழையில் நனைந்த மரமும் காய்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி மேய்வோம். ஃபோம் அடித்தால் அது இடுக்கெல்லாம் புகுந்து தட்டோட்டையும் மரத்தையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு ஓட்டைக் கழற்ற நினைத்தால் நாலு உடையும். மேலே ஒரு ஓடு நகர்ந்து தண்ணீர் இறங்கினால் கீழே சொட்டாது, ஃபோமுக்கும் மரத்துக்கும் நடுவில் தங்கும். ஒழுகல் கண்ணில் படாத கூரை என்பது உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருந்தாலும் தெரியாத கூரை. இங்கிலாந்தில் பழைய வீடுகளின் மரக்கூரையில் இதே ஃபோமை அடித்து, பிறகு அந்த வீட்டின் பேரில் வங்கிக் கடன்கூடக் கிடைக்காமல் மக்கள் அலைந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஐப்பசி மழை தாண்டியதும் இரண்டாம் கட்டில் ஒரு கைமரத்தில் கரையான் மண் தெரிந்தது. அந்த இடத்தில் ஃபோமைச் சுரண்டிப் பார்த்தால் மரம் ஈரமாக, விரல் வைத்தால் அமுங்குகிறது. பர்மா தேக்கு! இன்றைக்கு அந்த அளவு மரத்துக்கு எங்கே போவது?

அடுத்தது சுவர். கீழ்ப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஈர ஊறல் இருந்தது உண்மை. அதைக் காட்டி, ஈரம் இருந்தால் ஏசி சரியாக வேலை செய்யாது என்று பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, மேலே பளபள என்று வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார்கள். (ஏசி என்ற பேச்சு அப்போதுதான் முதல்முறையாக வந்தது.) எங்கள் ஊரிலேயே வயதான கொத்தனார் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, “ஆச்சி, இந்தச் சுவத்துக்கு மூச்சை அடைச்சுட்டாங்க, தண்ணி மேல ஏறும் பாருங்க” என்றார். நான் அதை அப்படியே நிறுவனத்தின் இன்ஜினியரிடம் சொன்னேன். அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு மேடம், இது ஜெர்மன் கெமிக்கல் என்றார்.

கொத்தனார் சொன்னதுதான் நடந்தது. இந்த மாதிரிச் சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையில் இருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், காற்றில் காய்ந்து போகும். சிமென்டும் பெயின்டும் அந்த வழியை மூடினால் ஈரம் போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே வெளியே வரும். முழங்கால் உயரத்தில் இருந்த ஊறல் இப்போது இடுப்புக்கு மேலே. உப்புப் பூத்து, நூறு வருடம் அசையாமல் இருந்த அந்த வழவழப்புக் காரை பொரிப்பொரியாக உதிர்கிறது. சிமென்டைத் திரும்ப உடைத்து எடுக்கலாம் என்றால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பைப் புளிக்கவைத்துப் பூசத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவதாக அவர்கள் செய்ததுதான் என்னால் தாங்கவே முடியாதது. வளவு வாசலை, அதாவது திறந்த முற்றத்தை, பாலிகார்பனேட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்) ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். தூசி வராது, மழை வராது, வீடு சீல் ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. திறந்த வளவு இருப்பதே வீட்டின் சூடு மேலே போவதற்கும் முகப்பில் இருந்து பின்கட்டு வரை காற்று ஓடுவதற்கும்தான். மூடிய பிறகு வெயில் ஷீட் வழியாக உள்ளே இறங்கியது, சூடு வெளியே போக வழியில்லாமல் நின்றது. அந்தக் கோடையில் பகல் இரண்டு மணிக்குப் பட்டாலையில் உட்கார முடியவில்லை. என் அப்பச்சி எண்பது வயதைத் தாண்டியவர், அந்த வீட்டிலேயே பிறந்தவர், வாழ்நாளில் முதல்முறையாக வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வெளித் திண்ணையில் போய்ப் படுத்தார். இதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, பேக்கேஜிலேயே இருக்கிறது என்று மூன்று ஏசி.

இனி கணக்குக்கு வருகிறேன், இதுதான் எல்லாரும் கவனிக்க வேண்டியது.

வேலைக்கு முன் எங்கள் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட். அதாவது ஒரு நாளைக்கு 5 யூனிட். நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், விளக்குகள், அவ்வளவுதான். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) 30 வாட் அளவில் முடிந்துவிடும். நாலு ஃபேனையும் மாற்றினாலே, பத்து மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 1.8 யூனிட் மிச்சம். மீதி தேவை மூன்றேகால் யூனிட் அளவில். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். அப்படியென்றால் எங்கள் வீடு ஒரு சுவரையும் தொடாமல், நாலு ஃபேனையும் 1 கிலோவாட் பேனலையும் வைத்தே நெட் ஜீரோ ஆகியிருக்கும். 2 கிலோவாட் போட்டிருந்தால் பொங்கலுக்குக் கூடும் கூட்டத்துக்கும் சேர்த்துப் போதும். இதை அந்த நிறுவனம் அறிந்தேதான் மறைத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் பழைய பில்கள் அத்தனையும் முதல் நாளே வாங்கிக்கொண்டு போனார்கள். 2 கிலோவாட்டில் அவர்களுக்கு 18 லட்சம் வராது.

அவர்கள் போட்டது 5 கிலோவாட். தினம் 30 யூனிட் வரும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நிழலே விழாத மொட்டை மாடியில்கூட 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட்தான் சராசரி. எங்கள் வீட்டில் முகப்பின் மேல் இருக்கும் சுதை வேலைப்பாட்டின் நிழல் காலையிலும், பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் மூன்று மணிக்கு மேலும் பேனலில் விழுகிறது. எல்லாப் பேனலையும் ஒரே வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்குகிறது. எங்களுக்கு வருவது 14 யூனிட். இரவில் ஏசி ஓடும் மாதங்களில் செலவு 20 யூனிட்டைத் தாண்டுகிறது. பில் இல்லாத வீடு ஆக்குகிறோம் என்று வந்தவர்களால், அந்த வீட்டின் கோடைகால பில் முன்பு கட்டியதைவிட அதிகமாகிவிட்டது. போதாததுக்கு, பேனல் ஸ்டாண்டை நிறுத்த மாடியின் தட்டோட்டுத் தளத்தைத் துளைத்து போல்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் இருப்பது கான்கிரீட் இல்லை, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். ஒவ்வொரு துளையும் இப்போது ஒரு ஒழுகல். 2018இல் கஜா புயல் எங்கள் பக்கத்திலும் புதுக்கோட்டையிலும் என்ன செய்தது என்று பார்த்தவர்களால், நாலு அங்குல ஆழத் துளையில் காரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேனலை நம்பித் தூங்க முடியாது. பின்கட்டுக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது, அங்கே தனி இரும்புச் சட்டம் நிறுத்திப் போட்டிருக்கலாம்.

மானியத்திலும் மோசடி. வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அந்தப் பணம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராக வரும். இவர்கள் அதை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டோம், வந்ததும் எங்களுக்குக் கொடுங்கள் என்று எழுதி வாங்கினார்கள். வரவே இல்லை. திட்டத்தில் பதிவு செய்த விற்பனையாளர் பட்டியலில் அவர்கள் இல்லை. போட்ட பேனலும் இந்தியாவில் செய்த சோலார் செல்லால் ஆனது இல்லை, மானியத்துக்கு இந்தியச் செல் கட்டாயம். இது போக, எங்கள் மின் இணைப்பு இன்னும் ஐயா (தாத்தா) பெயரில்தான் இருந்தது. நம் பக்கத்துக் கூட்டு வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் மாற்றாமல் எதுவும் நகராது, பெயர் மாற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். இந்த வேலையைப் பார்க்கிறவர்களுக்கு இது முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும், இவர்கள் கேட்கவே இல்லை.

வேலை முடிந்த அன்றே நெட் ஜீரோ சான்றிதழ் என்று லேமினேட் செய்த ஒரு தாளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இப்போது அவர்களின் விளம்பரத்தில் இருக்கிறது. ஒரு வருடம் மீட்டரில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் பதிவாகாமல் எந்த வீட்டையும் நெட் ஜீரோ என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தாளில் எந்த அமைப்பின் பெயரும் இல்லை, அவர்கள் சொந்த லோகோ மட்டும்தான்.

இப்போது நிலைமை. பாலிகார்பனேட் ஷீட்டைக் கழற்றிவிட்டோம், அன்று மாலையே பட்டாலையில் காற்று வந்தது. ஃபோமை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள், உடையும் தட்டோடுகளுக்கு இடிக்கும் வீடுகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். 15 லட்சம் கொடுத்தாயிற்று, மீதியை நிறுத்திவிட்டோம். அதற்கு அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். யாராவது இதே மாதிரி சிக்கியிருந்தால், பிரச்சினை தெரிந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதியலாம். எங்களுக்குக் கை கொடுத்தவை வேலைக்கு முன் எடுத்த கல்யாணப் படங்கள். சுவரும் கூரையும் எப்படி இருந்தன என்பது அதில்தான் தெரிகிறது. உங்கள் வீட்டில் யாரையும் கை வைக்க விடும் முன் ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.

வருகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: என் பழைய பில்லின்படி நாளுக்கு எத்தனை யூனிட், அதற்கு எத்தனை கிலோவாட், நிழலைக் கழித்து எத்தனை யூனிட் வரும், சுவரிலும் கூரையிலும் என்ன பொருள் பூசப் போகிறீர்கள், அதைத் திரும்ப எடுக்க முடியுமா, இதற்கு முன் செய்த பழைய வீட்டின் ஒரு முழு வருட பில்லைக் காட்டுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். “சைட்டுக்கு வந்து பேசலாம் மேடம்” என்றுதான் எங்களிடம் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள், ஒரு கடிதத்துக்குக்கூட எழுத்தில் பதில் வரவில்லை.