தனித்தாயின் மேற்படிப்புக்கு எது தோது: மகளிர் விடுதியா, போர்ஷனா, வாரியக் குடியிருப்பா?

பிள்ளையைத் தனியாக வளர்த்து, வேலைக்கும் போய், மேற்படிப்பும் முடிக்க நினைக்கும் பெண்ணுக்குச் சென்னையில் கட்டுப்படியாகும் இடங்கள் மூன்றுதான்: பணிபுரியும் மகளிர் விடுதி, வாடகை போர்ஷன், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு. கல்லூரி விடுதியில் பிள்ளையோடு சேர்க்கமாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம். நான் மகளோடு முதலாவதில் இருந்துகொண்டு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். படிக்கிறேன். என் ஓட்டு எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

வாடகையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கான மத்திய அரசின் 'சகி நிவாஸ்' திட்ட விதிப்படி, இருவர் அறைக்குச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 20,000 ரூபாய் சம்பளம் என்றால் 2,000 ரூபாய், சாப்பாடு தனி. போர்ஷனில் அந்தப் பணத்துக்குக் குளியலறைகூடக் கிடைக்காது. மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொன்னாலும், வீட்டு உரிமையாளர்கள் கேட்பது அதைவிடக் கூடுதலான பழைய கணக்குதான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்: "உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார்?"

உண்மையில் முடிவு செய்வது வாடகையல்ல. நாம் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதுதான். தொலைநிலைப் படிப்புக்கு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். விடுதியின் குழந்தைகள் காப்பகம் வேலைநாட்களில் மட்டுமே உண்டு, ஞாயிறன்று பூட்டு. அந்த நாளைக் காப்பாற்றுவது என் அறைத்தோழி. அவர் தனியார் மருத்துவமனையில் செவிலியர், அவருக்கு ஒரு மகன். என் வகுப்பு நாளில் என் மகள் அவரிடம்; அவருடைய இரவுப் பணியில் அவர் மகன் என்னிடம். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்தத் திட்டமும் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஒரே நிலைமையில் உள்ள பெண்களை ஒரே கூரையின் கீழ் வைத்தால் தானாக நடக்கிறது. பிள்ளைகள் தூங்கியதும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிவிடுவேன். கழுவிக் கவிழ்த்த தட்டுகளுக்குப் பக்கத்தில், ரச வாசனையோடு, அடக்கவிலைக் கணக்கியல். பத்தரைக்கு வார்டன் விளக்கை அணைத்துவிடுவார். கெஞ்சினால் இன்னும் கால் மணி நேரம்.

போர்ஷனில் விளக்கை அணைக்க ஆள் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அம்மாவோ அக்காவோ கூட வந்து தங்குவார்கள் என்றால், கூடுதல் வாடகை கொடுத்தாவது போர்ஷனே மேல் என்பேன்.

சென்னையின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் போன்ற வாரியக் குடியிருப்புகளில் நான் வாழ்ந்ததில்லை; அங்கிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் சொல்வதை வைத்தே பேசுகிறேன். சொந்தக் கதவு, சொந்தச் சமையல், காலக்கெடு கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் நேரத்தைப் பேருந்து தின்றுவிடுகிறது. படிக்க வேண்டிய இரண்டு மணி நேரம் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் போகிறதாம். நினைத்தவுடன் ஒதுக்கீடு கிடைக்கும் வீடும் அல்ல அது.

விடுதியிலும் வில்லங்கங்கள் உண்டு. மகள் என்றால் 18 வயது வரை உடன் இருக்கலாம். மகன் என்றால் 12 வரைதான். பத்து வயதுப் பையனின் தாய் இப்போதே போர்ஷன் தேடுவது நல்லது. தங்குவதற்கு மூன்று ஆண்டு வரம்பு. விதிவிலக்காக நீட்டித்தாலும் மொத்தம் ஐந்தைத் தாண்டாது. எம்.காம். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு. தாள்கள் தங்கிப்போனால் படிப்பு முடியும் முன்பே பெட்டியைக் கட்ட நேரலாம். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கிறவருக்கு இந்த விடுதி பெரும்பாலும் கைகொடுக்காது. ஓராண்டுக்கு மேற்படாத வேலைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு, அதுவும் காலியிடம் இருந்தால் மட்டுமே சலுகை. ஆகவே இரண்டு ஆண்டு பி.எட்.டுக்குக் கதவு அடைப்பு.

விண்ணப்பம் வாங்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காப்பகம் எத்தனை மணி வரை, இரவு விளக்கு எப்போது அணையும், அந்த மாடியில் பிள்ளையோடு இருக்கும் வேறு தாய்மார் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், நான் சொன்ன அனுகூலத்தில் பாதி அங்கே கிடைக்காது.