எக்செல், ஈஆர்பி, கான்பன்: அம்பத்தூர் பட்டறைக்கு எது?

எதை எப்போது அடிப்பது, எவ்வளவு ஸ்டீல் வாங்குவது என்று திட்டமிட இந்த மூன்றில் எது சரி? சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கம்பெனிக்கு ஸ்டீல் தகட்டில் பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் நடுத்தரப் பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். எத்தனை பீஸ் எப்போது வேண்டும் என்ற ஷெட்யூல் மாதத் தொடக்கத்தில் வரும். பதினைந்தாம் தேதிக்குள் ஒருமுறையாவது மாறும்.

எக்செல் இதற்குச் சளைக்காது. பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம், தனிச்செலவும் இல்லை. பிளானிங்கில் ஒரு ஃபைல், ஸ்டோர்ஸில் இன்னொன்று என்று பிரிந்த அன்றே அதன் ஆயுள் முடிந்தது.

ஈஆர்பி என்பது ஆர்டர், ஸ்டாக், கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர். அதில் ஷெட்யூலை ஏற்றினால், கையிருப்பைக் கழித்து எந்த ஸ்டீல் சுருள் (காயில்) எப்போது எவ்வளவு வேண்டும் என்று அதுவே சொல்லும். இறக்குமதி ஸ்டீல் போல வந்துசேர வாரக்கணக்கில் ஆகும் சரக்குக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சறுக்குவது பில் ஆஃப் மெட்டீரியலில், அதாவது ஒரு பீஸுக்கு என்ன சரக்கு எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலில். பிராக்கெட்டின் எடை 0.80 கிலோ, ஆனால் ஸ்க்ராப்போடு சேர்த்துக் காயிலில் போவது 1.05 கிலோ. டிராயிங்கைப் பார்த்து 0.80 என்று ஏற்றிவிட்டால் 10,000 பீஸுக்கு இரண்டரை டன் ஸ்டீல் குறையும். கணினியில் ஸ்டாக் இருக்கும், ரேக்கில் இருக்காது. அடுத்த ஓட்டை, பிளேட்டிங்குக்கு (முலாம் பூச) வெளியே போன சரக்கு: செலான் (டெலிவரி சீட்டு) போட்டு அனுப்பியதை அன்றே பதியாவிட்டால், வெளியே கிடப்பதையும் கையிருப்பாக எண்ணி வாங்கவேண்டியதை வாங்காமல் விட்டுவிடும்.

கான்பன் என்பது எடுத்த சரக்கை மட்டும் மறுபடி நிரப்பும் முறை. அதற்கு சாஃப்ட்வேரே வேண்டாம், அட்டையும் ட்ரேயும் போதும்: ட்ரேக்கு ஒரு அட்டை, கழற்றிய அட்டைதான் மறுபடி அடிக்கச் சொல்லும் ஆர்டர். தினம் 600 பீஸ், நிரப்ப 2 நாள், பாதுகாப்புக்கு 20 சதவீதம், ட்ரேக்கு 60 பீஸ் என்றால் 600 × 2 × 1.2 ÷ 60 = 24 அட்டை. ட்ரேயில் முதல் பீஸை எடுக்கும்போதே அட்டையைக் கழற்றவேண்டும். காலியானபின் கழற்றுவதுதான் நம் ஊர் வழக்கம். டை (பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) மாற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும் பிரஸ்ஸில் 60 பீஸுக்காக டை ஏற்ற யாரும் சம்மதிக்கமாட்டார்கள். பத்து அட்டை சேர்ந்தபின் அடிப்பதென்றால், காத்திருக்கும் அட்டைகளையும் 24-க்கு மேல் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அசெம்பிளி நின்றுபோகும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. இரண்டு நாள் ஸ்டாக் அதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில அட்டைகளைக் கூட்டி வைப்பது நல்லது.

எங்கள் பரிந்துரை: தினமும் ஓடும் பாகங்களுக்குக் கான்பன், காயில் வாங்க ஈஆர்பி. ஈஆர்பிக்குக் கையெழுத்துப் போடும் முன், ஒரு மாதம் தினமும் 20 ஐட்டத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நூற்றில் 95 ஒத்துவரவில்லையா, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.