ஹெக்சனால் தெளிப்பு: சில மாம்பழப் பருவங்களுக்குப் பிறகு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மாங்காய் கனிவதைத் தள்ளிப்போடத் தெளிக்கும் ஹெக்சனால் கலவையை வாங்கலாமா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

மருந்து வேலை செய்கிறது. புல்லை வெட்டினால் ஒரு பச்சை வாசனை எழுமே, அதில் இருப்பதும் ஹெக்சனால்தான். செடிகள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் பொருள். பழம் கனியும்போது செல்லின் சவ்வைச் சிதைக்கும் பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதியை இது அடக்கி வைக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து மாம்பழத்தில் சோதித்த கலவை. காய் மரத்தை விட்டு விழாமல் நிற்கிறது. விலை சரிந்த வாரத்தில் பறிக்காமல் காத்திருக்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தோப்புக்காரர்களுக்குத்தான் தெரியும்.

எரிச்சலூட்டுவது தெளிப்பு அட்டவணைதான். அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒரு தெளிப்பு, 15 நாள் முன்பு இன்னொன்று. சரி, அறுவடை என்றைக்கு? நீலம் ரக மாமரம் ஒரே தடவையிலா பூத்து முடிக்கிறது? ஒரே கிளையில் முற்றிய காயும் இருக்கும், ஊறுகாய்க்குக்கூட ஆகாத பிஞ்சும் இருக்கும். ஒவ்வொரு பருவமும் குத்துமதிப்பாக ஒரு தேதி வைத்துத்தான் டேங்கைத் தூக்குகிறேன்.

அப்புறம் அழுகல். ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை பிஞ்சிலேயே ஏறிப் பதுங்கியிருந்து, கனியும்போது கரும்புள்ளியாக வெளிவரும். ஹெக்சனால் கனிவதைத் தள்ளிப்போடுவதால் புள்ளியும் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். பூ விடும் நேரத்தில் மழை பிடித்த வருடத்தில் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது; பறித்த காயை 52 டிகிரி வெந்நீரில் முக்கி எடுக்கிற வேலை அப்படியே இருக்கிறது. காம்பை ஒட்ட ஒடிக்கும் ஆட்களைக் கத்துகிற வேலையும்தான், காம்பழுகல் நோய் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்து மண்டிக்குக் கொண்டுபோனால், தெளித்த காயா என்று ஒருவரும் கேட்பதில்லை. எடை, அளவு, அன்றைய விலை. கூடுதலாகப் பழம் தாங்கும் நாட்களெல்லாம் வியாபாரியின் குடோனில்தான் கழிகின்றன. செலவு என் கணக்கில்.

வீடுகளுக்கு நேரடியாகப் பெட்டி அனுப்புகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். நான் வரும் பருவத்துக்கு வாங்கப் போவதில்லை. மண்டிக்காரர் வாங்கிக் கொடுத்தால் தெளித்துத் தருகிறேன், கூலிகூட வேண்டாம்.