பரண் காவலுக்கு முழு உடல் பெல்ட்: சில ஆண்டுகள் கட்டிப் பார்த்ததில்

களக்காட்டு மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போட்டவர்களுக்குக் காட்டுப் பன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாமாகச் சுடுவதும் கண்ணி வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே டார்ச், தகரம், வேப்பமரக் கவையில் 12 அடி உயரத்தில் ஒரு பரண். விடியற்காலையில் கண் சொக்கும். அதற்குத்தான் பெல்ட்.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் அக்கா மகன் பிடிவாதமாகச் சொன்னான்: "இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேண்டாம் மாமா, விழுந்தால் வயிற்றை நெரித்துவிடும். தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கிறதாக வாங்குங்கள்." இவ்வகைப் பெல்ட்டுக்கான இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 3521 முத்திரையும் தயாரித்த ஆண்டும் பார்த்து வாங்கினேன். தையலில் இதுவரை குறை இல்லை.

குறை, கூடவே வந்த கயிற்றில். நீளம் 2 மீட்டர். நுனியில் மடித்துத் தைத்த பொதி ஒன்று. விழும்போது அது பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அப்படியே 1.75 மீட்டர் வரை நீளவும் செய்யும். பரண் பலகையில் கொக்கியை மாட்டிவிட்டு விழுந்தால் இவ்விரண்டோடு தொங்குகிற ஆளின் உயரமும் சேர்ந்து ஐந்து மீட்டரைத் தாண்டும். 12 அடி என்பது நாலு மீட்டர்கூட இல்லை! பெல்ட் அறுந்திருக்காது, ஆள் தரையில் கிடப்பான். இது காற்றாலைக்குச் சரி, பரணுக்கு ஆகாது. நான் குட்டைக் கயிறு வாங்கி, தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டுகிறேன். உட்கார்ந்தால் தொய்வே இருக்காது. அமெரிக்காவில் மரத்தில் மேடை கட்டி மான் வேட்டையாடுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் விதியும் இதுவே.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று, பரணுக்கு மேலே மரத்தில் கட்டி அடிவரை தொங்கும் கயிறு. ஏணியை விட்டுப் பரணுக்குக் கால் மாற்றும் நேரம்தான் ஆபத்து. உட்கார்ந்த பிறகு பெல்ட் மாட்டுவதில் பாதிப் பயன்தான். தொங்கும் கயிற்றில் மெல்லிய வளையக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிய புருசிக் முடிச்சு; பெல்ட்டை அதில் மாட்டிக்கொண்டுதான் தரையிலிருந்தே ஏறுவது. கையால் தள்ளினால் வழுக்கும், வெடுக்கென்று இழுபட்டால் இறுகும். எங்கள் ஊர்ப் பனையேறிப் பெரியவர் முதலில் கேலி செய்தார். முடிச்சில் தொங்கிப் பார்த்தபின் தனக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னார்.

விழுந்து தொங்கினாலும் பிழைத்தோம் என்றாகாது. தொடை வார் அழுத்தி, அசைவில்லாத கால்களில் ரத்தம் தேங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலை நுழைத்து எழும்பி நிற்க ஒரு கயிற்று வளையம் இடுப்பில் இருக்க வேண்டும். கைபேசி சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

தொல்லைகளும் உண்டு. வேட்டியோடு கட்ட முடியாது. முசுறு தோள்வாருக்குள் புகுந்தால் அன்றைய காவல் அவ்வளவுதான். வெயிலும் களைக்கொல்லியும் வாரைக் கெடுக்கும் என்று மோட்டார் அறையில் தனியாக மாட்டிவைத்தேன்; வியர்வை உப்புக்கு எலி வந்து தொடை வாரின் ஓரத்தைக் கொறித்துவிட்டது. விரல்நக அகலம்தான். ஆனாலும் புதிது வாங்கிவிட்டு, பழையதைத் துண்டு துண்டாக வெட்டினேன். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.