டல்லாஸுக்கு நான் மட்டுமா, எல்லோருமா?

2023 பிப்ரவரியில் என் வேலை போனது. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு என்னை ஸ்பான்சர் செய்திருந்த நிறுவனம்தான் அது. ஏப்ரலில் அடுத்த வேலை கிடைத்தது, டெக்சஸில் டல்லாஸை ஒட்டிய இர்விங்கில். எங்கள் வீடோ வட கரோலினாவில், கேரியில். விமானத்தில் மூன்று மணி நேரம், காரில் போனால் இரண்டு நாள். திங்கள் முதல் வியாழன் வரை அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டிலிருந்து பார்க்கலாம்.

நான் மட்டும் போவதா, வீட்டையே காலி செய்துகொண்டு நான்கு பேரும் போவதா? நான் மட்டும் போனேன், ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. அதே மாதங்களில் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு தமிழ்க் குடும்பம் மொத்தமாக டெக்சஸுக்கு மாறியது. அதனால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை ஒருவர் மட்டும் போவதே மேல்.

எங்கள் நிலைமை இது. என் பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் எனக்கு இடம் கிடைத்த தேதி, 2014 செப்டம்பர். வரிசை எதுவரை நகர்ந்தது என்று மாதாமாதம் அரசு வெளியிடுவது விசா புல்லட்டின்; 2020 அக்டோபர் புல்லட்டினில், இந்தியர்களுக்கான இபி-3 (வேலை வழி கிரீன் கார்டின் மூன்றாம் பிரிவு) வரிசையில் விண்ணப்பிக்கும் தேதி 2015 ஜனவரி 1க்கு வந்து நின்றது. எங்களைப் போன்ற பலர் இரண்டாம் பிரிவான இபி-2இலிருந்து இறங்கி வந்து இபி-3இல் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டது அப்போதுதான். நான் முதன்மை விண்ணப்பதாரர். கணவரும் மகளும் என் விண்ணப்பத்தில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள். மகன் இங்கே பிறந்தவன், அவனுக்குக் கவலையில்லை. கணவர் பக்கத்து ஊரான டர்ஹாமில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார்.

மூன்றாவதாக ஒரு வழியை என் மாமியார் சொன்னார்: "பிள்ளைகளைத் திருச்சிக்கு அனுப்பிடும்மா, நான் பாத்துக்கறேன்." பாசத்தில் சொன்னது. ஆனால் ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் எச்-1பி வேலை விசாவோடும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவோடும் இருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. நான் இஏடி என்ற வேலை அனுமதி அட்டையில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த விலக்கு எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் போய்விட்டது. கைரேகைக்கு அழைப்பு வந்தாலும் இங்கேதான் போய் நிற்க வேண்டும். ஆக, திருச்சி கணக்கிலேயே இல்லை.

சட்டப்படி இரண்டு வழிக்கும் தடையில்லை. நிறுவனம் நமக்காகப் போடும் ஐ-140 மனு ஒப்புதலாகி, ஐ-485 போட்டு 180 நாள் தாண்டிவிட்டால், அதே மாதிரியான வேறு வேலைக்கு வேறு நிறுவனத்தில், வேறு ஊரில்கூடச் சேரலாம். புது வேலையை உறுதிசெய்யும் சப்ளிமென்ட் ஜே படிவம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கணவன் மனைவி வேறு வேறு ஊரில் வேலை பார்ப்பது வேலை வழி கிரீன் கார்டில் தனியாக ஒரு குற்றமில்லை. கூட்டாக வரி தாக்கல், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே காப்பீடு எல்லாம் எங்களிடம் இருந்தன. திருமண வழியில் விண்ணப்பித்தவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தைரியமாகப் பெட்டி கட்டிவிட வேண்டாம். அங்கே சேர்ந்து வாழ்வதுதான் முக்கியமான சாட்சியே.

பள்ளி, நண்பர்கள், தமிழ்ப் பள்ளி, மகளின் நாட்டிய வகுப்பு பற்றியெல்லாம் எல்லோரும் பேசுவார்கள். பிள்ளைகள் எந்த ஊரிலும் ஒட்டிக்கொள்ளும். கேரியில் இருப்பதெல்லாம் டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலும் இருக்கிறது, இரண்டு மடங்காக.

எங்களுக்கு முடிவைச் செய்தது ஒரே ஒரு கேள்வி: இந்த வேலையும் போய்விட்டால் எங்கே திரும்பி வருவது?

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அடுத்த வேலை எந்த ஊரில் என்று தெரியாது. விண்ணப்பத்துக்கு வேலை வேண்டும், அதுவும் பழையதை ஒத்த வேலையாக இருக்க வேண்டும். ஊர் அதற்கு முக்கியமில்லை. இன்று இர்விங், நாளை சார்லட், அதற்கடுத்து எங்கேயோ. ஒவ்வொரு தடவையும் நான்கு பேரையும் வேரோடு பிடுங்குவதா? நான் கிளம்பியபோது "ஒரு வருஷம்தான், அதுக்குள்ள கார்டு வந்துடும்" என்று அம்மாவிடம் சொன்னேன். 2023 ஜூனில் இந்தியர்களுக்கான இபி-3 இறுதித் தேதி, அதாவது யார்வரை கார்டு தருவார்கள் என்ற தேதி, 2012 ஜூன் 15இல் இருந்தது. ஜூலையில் 2009 ஜனவரி 1க்கே பின்வாங்கியது. ஒரே மாதத்தில் மூன்றரை வருடம். 2025 அக்டோபரில்தான் அது 2013 ஆகஸ்ட் 22ஐத் தொட்டது. நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன்.

இப்போது வீட்டுக் கணக்கு. 2021இல் வாங்கிய வீடு. கடன் 4,00,000 டாலர், முப்பது வருடத்துக்கு 2.875% நிலையான வட்டி. அசலும் வட்டியுமாக மாதம் ஏறக்குறைய 1,660. 2023 ஆகஸ்டில் டெக்சஸில் கடனுக்கு விசாரித்தபோது 7.25% என்றார்கள். அதே தொகைக்கு மாதம் 2,730. வித்தியாசம் 1,070 டாலர், மாதா மாதம். இதோடு டெக்சஸின் வீட்டு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வருமான வரி இல்லை என்று துள்ளுகிறவர்கள் அந்த ரசீதைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறார்கள்.

தனியாக இருந்ததற்கு எனக்கு ஆன செலவையும் மறைக்கவில்லை. இர்விங்கில் ஒரு தெலுங்கு அக்கா வீட்டில் அறை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 900. மாதம் இரண்டு முறை போய்வர விமானம், முன்கூட்டியே எடுத்தால் 500. வண்டி வாடகை, வெளிச் சாப்பாடு 150. ஆக 1,550. மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் எல்லோரும் மாறியிருப்பதுதான் 480 டாலர் மலிவு. பதினெட்டு மாதத்தில் 8,600 டாலருக்கு மேல் நான் கூடுதலாகச் செலவழித்திருக்கிறேன். ஆனால் வீட்டை விற்றிருந்தால் ஏஜென்ட் கமிஷனே 25,000க்குக் குறைந்திருக்காது. அப்புறம் அந்த 2.875%. அதை விட்டால் விட்டதுதான், எந்த வங்கியும் திருப்பித் தராது.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம், 1,660 டாலரைக் கணவரின் சம்பளம் ஒன்றே தாங்கும், 2,730ஐத் தாங்காது. 2024 அக்டோபரில் இர்விங் வேலையும் போனபோது இது புரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அழைப்பு வந்தது. நான் கேரியில் என் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், அப்புறம் இட்லிக்கு ஊறப்போட்டேன். இர்விங் அறையில் இருந்த இரண்டு பெட்டிகளை அடுத்த வாரம் போய் எடுத்து வந்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளி மாறவில்லை. நான்கு மாதம் கழித்து கேரியை ஒட்டிய ராலேயில் வேலை கிடைத்தது, சம்பளம் பழையதைவிட 15% குறைவு. ஏற்றுக்கொள்ள முடிந்ததும் அந்த 1,660ஆல்தான்.

மொத்தமாக மாறிய அந்தக் குடும்பத்தில் அதே மாதிரி ஒருவருக்கு வேலை போனது. புது வீடு, ஏழு சதவீதத்துக்கு மேல் வட்டி. அவர் கிடைத்த முதல் வேலையில், பிடிக்காமலே சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

"வீட்டை ஏன் விற்க வேண்டும்? வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கே வாடகைக்கு இருக்கலாமே?" சரியான கேள்வி. எல்லோரும் போவதென்றால் நானும் இப்படித்தான் செய்திருப்பேன். வட்டியும் கையை விட்டுப் போகாது. ஆனால் வாடகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. ஏழாவது மாதத்தில் வேலை போனால் உங்கள் வீட்டில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

தனியாகப் போகிறவர்கள் செய்யும் இரண்டு தவறுகளில் ஒன்றை நானும் செய்தேன். வரி. டெக்சஸில் வேலை பார்த்தால் மாநில வருமான வரி இல்லை என்று நினைத்திருந்தேன். குடும்பமும் வீடும் வட கரோலினாவில் இருக்கும்வரை நான் அந்த மாநிலத்துக்காரிதான். எங்கே சம்பாதித்தாலும் அதற்கு வரி கட்ட வேண்டும், 2023இல் 4.75%. நிறுவனம் பிடித்தம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. ஏப்ரலில் மொத்தமாகக் கட்டினேன், அபராதத்தோடு. இன்னொன்று விசா. எச்-1பி வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. ஊர் மாறினால் திருத்தம் போட வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு ஊரில் இருந்து வேலை செய்வதாக இருந்தால், இரண்டு இடத்தையும் மனுவில் காட்டச் சொல்லி நிறுவனத்தின் வக்கீலைக் கேட்டுவிடுங்கள். நான் இஏடியில் இருந்ததால் இந்தத் தலைவலி இல்லை.

ஆனால் 2023இல் எடுத்த அந்த முடிவை இன்று அப்படியே யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்போது இஏடி ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும் காலம் தொடங்கிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பர் முதல் அது பதினெட்டு மாதம்தான். புதுப்பிக்கப் போட்டவுடன் தானாக நீளும் வசதியும் 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. அட்டை வரத் தாமதமானால் நடுவில் வேலையை நிறுத்த வேண்டி வரும். இன்றென்றால் முடிந்தவரை எச்-1பியை விட மாட்டேன், மனுவில் இரண்டு ஊரையும் போடச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

தபாலையும் சொல்ல வேண்டும். குடியேற்றத் துறையின் கடிதங்களை அஞ்சலகம் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பாது, வீடு மாறினால் பத்து நாளுக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும். மருத்துவப் படிவம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் சொல்லக் கெடு உண்டு. கேரி வீட்டுத் தபால் பெட்டி மாறாமல் இருந்தது, கணவர் தினமும் திறந்து பார்த்தார். சின்ன விஷயம்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு எண்களில் சிக்காத ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது கணவர் மூன்று முறை அழைத்தார். மகள் பெரியவளாகிவிட்டாள். அவர் அதற்குள் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கி, குளியலறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். "நீ பேசும்மா" என்று அவளிடம் போனை நீட்டினார். நான் பேசினேன், கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு. அன்று இரவு என் அம்மா வீடியோவில் சொல்லச் சொல்ல அவர் உளுந்தங்களி கிண்டினார். "மாப்பிள்ளை, நல்லெண்ணெய இன்னும் ஊத்துங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க." மூன்று ஊரும் ஒரே திரையில். எல்லோரும் சிரித்தார்கள். வியாழன் இரவு நான் வீடு சேர்ந்தபோது குளிர்பெட்டியில் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். எல்லோரும் சேர்ந்து மாறியிருக்க வேண்டுமோ என்று நான் நினைத்தது அந்த இரண்டு நாள்தான். 8,600 டாலரோடு இதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

என் அனுபவம் சின்னது. பிள்ளைகளுக்கு எட்டும் பன்னிரண்டும், கணவருக்கு உள்ளூரில் வேலை, அவருக்குச் சமைக்கத் தெரியும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கணக்கு மாறும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒருவர் விட்டுப்போவது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. சொந்த வீடு இல்லாமல் வாடகையில் இருப்பவர்களுக்கு என் முக்கியமான காரணமே பொருந்தாது. அவர்கள் சேர்ந்து போவதில் எனக்கு மறுப்பில்லை. பதினெட்டு மாதம் தாங்கியது ஐந்து வருடம் தாங்கியிருக்குமா என்றால், தாங்கியிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

போன மாதம் கணவருக்கு ஆஸ்டினிலிருந்து ஒரு வேலை வந்தது. நான்தான் முதன்மை விண்ணப்பதாரர் என்பதால், எந்த ஊரில் என்ன வேலை என்றாலும் அவர் போகலாம், சப்ளிமென்ட் ஜேயும் வேண்டாம். எல்லா விதத்திலும் என்னுடையதைவிட எளிதான பயணம். மகளிடம் சொன்னோம். "அப்பா போனா சாம்பார் யார் வைப்பா?" என்று கேட்டாள், என்னைப் பார்க்காமலே. இன்னும் பதில் அனுப்பவில்லை.