ஸ்டலோனா, கார்ல் அர்பனா? ஜட்ஜ் ட்ரெட்டை எந்தப் படத்தில் பார்ப்பது?

ஜட்ஜ் ட்ரெட் என்ற பெயரையே கேள்விப்பட்டிராத நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்ட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1995-இல் சில்வஸ்டர் ஸ்டலோன் நடித்த ‘ஜட்ஜ் ட்ரெட்’ ஒன்று, 2012-இல் கார்ல் அர்பன் நடித்த ‘ட்ரெட்’ இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் போட்டேன். காரணம் சொல்கிறேன். முதல் படத்துக்குச் சேர வேண்டிய மரியாதையும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஆள் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1977-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘2000 ஏடி’ காமிக்ஸ் வார இதழின் இரண்டாவது இதழிலேயே ட்ரெட் வந்துவிட்டார். எழுதியவர் ஜான் வாக்னர், உருவம் கொடுத்தவர் ஸ்பெயின்காரரான கார்லோஸ் எஸ்கெரா. (நம் இரும்புக்கை மாயாவியை வரைந்த ஹேசூஸ் பிளாஸ்கோவும் ஸ்பெயின்காரர்தான். இன்றைக்கு ட்ரெட், மாயாவி இருவரின் உரிமையும் ரெபெலியன் என்ற ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது.) அணுப்போரில் பொசுங்கிப்போன அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மெகா-சிட்டி ஒன் என்ற மாநகரம். அங்கே பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்புச் சொல்வது, தேவைப்பட்டால் அந்த இடத்திலேயே சுட்டுத் தள்ளுவது எல்லாம் ஒரே ஆளின் வேலை. அவர்தான் ஜட்ஜ்.

எல்லோரும் முதலில் பேசுவது ஹெல்மெட்டைப் பற்றி. காமிக்ஸில் ட்ரெட் முகத்தைக் காட்டுவதே கிடையாது. ஸ்டலோன் கொஞ்ச நேரத்திலேயே கழற்றிவிடுகிறார், அர்பன் கடைசிவரை கழற்றவில்லை. சரி, இது தெரிந்த கதைதான். ஸ்டலோன் முழுப் படத்திலும் ஹெல்மெட்டோடு இருந்திருந்தாலும் அந்தப் படம் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு விஷயம்: கதையில் மாறுவது யார்? ட்ரெட் மாறாத ஆள். வாரத்துக்கு ஐந்தாறு பக்கம் வருவார், ஒரு வழக்கை முடிப்பார், அடுத்த வாரமும் அதே முறைப்போடு வந்து நிற்பார். அவர்மீது மோதுகிறவர்கள்தான் உடைவார்கள், திருந்துவார்கள், சாவார்கள்.

ரிக்கோ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்கோவும் ட்ரெட்டும் ஒரே மரபணுவிலிருந்து உருவான சகோதரர்கள். கெட்டுப்போன ரிக்கோவைப் பிடித்து, சனிக்கோளின் நிலவான டைட்டனில் இருக்கும் சிறைக்கு அனுப்பியதே ட்ரெட்தான். இருபது வருடம் கழித்துப் பழிவாங்க வருகிறான், ட்ரெட் சுட்டுவிடுகிறார். உடலைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். பாட் மில்ஸ் எழுதி மைக் மக்மான் வரைந்த இந்தக் கதை, ஒரே வார இதழில் சில பக்கங்களில் முடிந்துவிடும். அழுகை கிடையாது, வசனமாகப் பிழிவது கிடையாது. சகோதரனைத் தூக்கிச் சுமக்கும் அந்த ஒரு படத்திலேயே எல்லாம் இருக்கிறது.

1995 படம் இதே ரிக்கோவை எடுத்துக்கொண்டு, தனக்கு ஒரு சகோதரன் இருப்பதே ட்ரெட்டுக்குத் தெரியாது என்று மாற்றிவிட்டது. அப்புறம் ட்ரெட்மீது பொய்க் கொலைப்பழி, பாலைவனம், நரமாமிசம் தின்னும் குடும்பம், குளோனிங் சதி, சுதந்திர தேவி சிலைக்குள் இறுதிச் சண்டை. ஒரு வருஷத்து மளிகையை ஒரே பையில் திணித்த கதை. எல்லாமே காமிக்ஸில் இருந்து வந்த சரக்குதான், அதுதான் வேடிக்கை. ஆனால் இத்தனையும் நடப்பது ட்ரெட் மனம் இளகுவதற்காக. கடைசியில் முத்தம்கூட உண்டு. மனம் இளகிய ட்ரெட்டை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் என்ன செய்வது?

2012 படத்துக்குத் திரைக்கதை எழுதிய அலெக்ஸ் கார்லண்டுக்கு இது புரிந்திருக்கிறது. பீச் ட்ரீஸ் என்ற 200 மாடிக் குடியிருப்பு. மேல் மாடியில் போதைமருந்துக் கும்பலின் தலைவி மா-மா. கட்டடத்தைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்த இரண்டு ஜட்ஜ்களையும் கொல்லச் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. நகரத்தில் ஒரு நாளைக்கு 17,000 பெருங்குற்றங்கள், நூற்றுக்கு ஆறைத்தான் கவனிக்க முடியும் என்று ட்ரெட் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதால், இது அவருக்கு இன்னொரு வேலைநாள் என்பது நமக்கும் புரிந்துவிடுகிறது.

மாறுவது ஆண்டர்சன். மனதைப் படிக்கத் தெரிந்த பயிற்சி ஜட்ஜ், அன்றைக்குத்தான் அவளுக்குப் பரீட்சை. துப்பாக்கியைப் பறிகொடுத்தால் உடனே ஃபெயில் என்று ட்ரெட் முதலிலேயே சொல்லியிருப்பார், அவளும் பறிகொடுத்துவிடுகிறாள். எப்படியும் தோற்றாயிற்று என்று, மிரட்டலுக்குப் பயந்து கும்பலுக்கு வேலை செய்த கம்ப்யூட்டர் பையனைத் தன் பொறுப்பில் தப்பவிடுகிறாள். எல்லாம் முடிந்ததும் பேட்ஜைக் கழற்றி ட்ரெட் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். பயிற்சியாள் எப்படி என்று தலைமை ஜட்ஜ் கேட்கும்போது ட்ரெட் சொல்வது, அவள் பாஸ் என்று மட்டும். அந்த நேரத்தில் அர்பனின் வாயைக் கவனியுங்கள். அவரிடம் நமக்குத் தெரிவது அது ஒன்றுதான், அதுவும் அசையவே மாட்டேன் என்கிறது. ட்ரெட் இளகினாரா என்ற கேள்விக்கு, காமிக்ஸ் அனுமதிக்கிற அளவு பதில் அதுதான்.

1995 படம் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. நகரம் என்றால் அதில்தான் நகரம். அடுக்கடுக்கான தெருக்கள், பறக்கும் வண்டிகள், வீட்டுக்கு வீடு சுட்டுக்கொள்ளும் குடியிருப்புச் சண்டை, துருப்பிடித்த ஏபிசி போர் ரோபோ எல்லாம் காமிக்ஸ் பக்கத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தவை. கிட்டத்தட்ட 9 கோடி டாலர் செலவு கண்ணில் தெரிகிறது. 2012 படம் அதில் பாதிக் காசைக்கூடத் தாண்டாமல் தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. அதன் மெகா-சிட்டி கொஞ்சம் புழுதி கூடின இன்றைய ஊர் மாதிரித்தான் இருக்கும்.

நையாண்டியிலும் 2012 படம் கஞ்சம். ட்ரெட் கதைகளில் பாதி கேலிதான், அதிகாரத்தையும் விளம்பரத்தையும் பைத்தியக்கார மோகங்களையும் போட்டு வாட்டும். அந்தச் சிரிப்பு இதில் அபூர்வம். அதற்காக ஸ்டலோன் கூடவே காமெடி நடிகர் ராப் ஷ்னைடரை அலையவிட்டதை நையாண்டிக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை.

ஒரு விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 படம் 3டி-க்காக எடுத்தது. நேரத்தின் வேகத்தையே நூறில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டும் ‘ஸ்லோ-மோ’ போதைமருந்துக் காட்சிகள் அதற்கென்றே செய்தவை. நான் பார்த்தது வீட்டு டிவியில். எனக்கு அவை அழகாகவும் சற்று நீளமாகவும் பட்டன. தியேட்டரில் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

வசூலில் 2012 படம் அடி வாங்கியது, அதனால் இரண்டாம் பாகம் வரவே இல்லை. நண்பருக்குப் பிடித்திருந்தது, அடுத்தது என்ன என்று கேட்டார். ரிக்கோ கதையின் அந்தச் சில பக்கங்களை முதலில் படிக்கச் சொன்னேன், ஸ்டலோன் படம் அதற்கப்புறம்.