சிலிக்கான் வேலி ‘டெக் டூர்’ பேக்கேஜ் ரிவ்யூ: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

நேரா விஷயத்துக்கு வரேன். சிலிக்கான் வேலிக்கு கூட்டிட்டு போய் நாலஞ்சு ஸ்டார்ட்அப் ஆபீஸ் காட்டி, பெரிய கம்பெனி கேம்பஸ் காட்டி, கடைசில ஒரு டெவலப்பர் கான்ஃபரன்ஸ்ல உக்கார வச்சு அனுப்புற பேக்கேஜ் இப்போ நெறைய பேர் விக்கிறாங்க, அதுல ஒண்ணுல போயிட்டு வந்தேன். ஏஜென்சி பேரும் சொல்லல, கான்ஃபரன்ஸ் பேரும் சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற குறை எல்லாம் இந்த மாதிரி எந்த பேக்கேஜ்லயும் இருக்கக்கூடியது தான், இவங்கள மட்டும் புடிச்சு திட்டினா ஞாயம் இல்ல. மார்க் போடணும்னா அஞ்சுக்கு மூணு. அந்த மூணும் ப்ரோஷர்ல பெரிய எழுத்துல போட்டிருந்த எதுக்கும் இல்லங்கறது தான் வேடிக்கை.

முதல்ல அந்த பெரிய எழுத்து சமாச்சாரம். ‘ஆப்பிள், கூகுள் கேம்பஸ் விசிட்’. ஆப்பிள் பார்க்ல அந்த வட்டக் கட்டடத்துக்குள்ள பொது ஜனத்த விடவே மாட்டாங்க, எதிர்ல இருக்கற விசிட்டர் சென்டர் வரைக்கும் தான், அதுக்கு டிக்கெட்டே கிடையாது, யார் வேணா போலாம். உள்ள ஒரு ஸ்டோர், ஒரு கஃபே, கேம்பஸோட மாடல் ஒண்ணு, அப்புறம் மொட்டைமாடி ஏறி நின்னா மரங்களுக்கு நடுவுல கட்டடம் லேசா எட்டிப் பாக்கும், அவ்ளோ தான். கூகுளும் 2023ல மவுண்டன் வியூல ஒரு விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸ் திறந்து வச்சிருக்கு, அதுவும் எல்லாருக்கும் பொது. ஆக இலவசமா பாக்கற இடத்துக்கு வேன் வச்சு கூட்டிட்டு போய் அதுக்கு ‘எக்ஸ்க்ளூசிவ்’னு பேர் வச்சிருக்காங்க. வேனுக்கு காசு வாங்கறது தப்பில்ல, ஆனா அத வேன்னு சொல்லி வாங்கணும்.

பாலோ ஆல்டோல ஹெச்பி கராஜும் லிஸ்ட்ல இருந்துச்சு. அடிசன் அவென்யூ 367. பில் ஹ்யூலெட்டும் டேவ் பேக்கார்டும் 538 டாலர் முதல் போட்டு 1939ல கம்பெனி ஆரம்பிச்ச இடம், முதல் ப்ராடக்ட் ஆடியோ ஆசிலேட்டர் (ஒலிக் கருவிகள டெஸ்ட் பண்ற மெஷின்), டிஸ்னி ஸ்டுடியோவே அதுல எட்டு வாங்குச்சு. வாசல்ல சிலிக்கான் வேலியோட பிறப்பிடம்னு ஒரு பலகை. ஆனா உள்ள போக முடியாது, ரோட்ல நின்னு பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு வர வேண்டியது தான். எனக்கு அது ஓகே, ஆனா கூட வந்த ரெண்டு பேர் ‘இதுக்கா வந்தோம்’னு மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டாங்க, ப்ரோஷர்ல முன்னாடியே ஒரு வரி போட்டிருந்தா அந்த கடுப்பு வந்திருக்காது.

என்ன கேட்டா இதெல்லாத்தயும் விட மவுண்டன் வியூல சான் அன்டோனியோ ரோட் 391ல அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். வில்லியம் ஷாக்லி 1956ல செமிகண்டக்டர் லேப் வச்ச அட்ரஸ் அது. அவர் நிர்வாகம் புடிக்காம 1957ல எட்டு பேர் மொத்தமா கழண்டு போய் ஃபேர்சைல்ட்ங்கற செமிகண்டக்டர் கம்பெனிய ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு பேர், ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும், 1968ல இன்டெல் ஆரம்பிச்சாங்க. மேனேஜர் சரியில்லன்னு வேலைய விடறது இந்த ஊருக்கு அன்னிக்கே பழக்கம்! பழைய கட்டடம் இப்போ இல்ல, அதனால தான் லிஸ்ட்ல இல்ல போல, போட்டோக்கு நல்லா இருக்காதுல்ல.

மென்லோ பார்க்ல ஃபேஸ்புக் (கம்பெனி பேர் இப்போ மெட்டா) போர்ட் முன்னாடி எல்லாரும் க்யூல நின்னு போட்டோ எடுத்தாங்க, கைடு யாரையும் பின்பக்கம் கூட்டிட்டே போகல. அந்த போர்டோட கதையே பின்பக்கம் தான். அது சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனியோட பழைய கேம்பஸ், 2010ல ஆரக்கிள் சன்னை வாங்குச்சு, 2011ல ஃபேஸ்புக் அங்க குடி வந்துச்சு, வந்தவங்க பழைய போர்ட தூக்கிப் போடாம முன்பக்கம் தங்களோடத மாட்டிட்டு பின்னாடி சன் பேர அப்படியே விட்டுட்டாங்க. ஜாவா ப்ரோக்ராமிங் லாங்வேஜ் குடுத்த கம்பெனிக்கே இந்த கதின்னா நமக்கெல்லாம் என்னன்னு வேலைக்கு வர்றவங்க தினம் பாத்துட்டு போகட்டும்னு விட்டதா பேச்சு. இந்த மாதிரி ஒரு விஷயத்த சொல்லத் தெரியாத கைடு எதுக்குன்னு தான் தோணுச்சு.

சரி, குடுத்த காசுக்கு பலன் கிடைச்ச இடத்துக்கு வரேன். கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம். இத ‘நேரம் இருந்தா’ன்னு லிஸ்ட் கடைசில போட்டிருந்தாங்க, கொடுமை. அங்க 1959ல வந்த ஐபிஎம் 1401 மெஷின சரி பண்ணி ஓட விட்டு வச்சிருக்காங்க, கண்ணாடிக்குள்ள வச்ச பொம்மை இல்ல, நெஜமாவே பஞ்ச் கார்டு (ஓட்டை போட்டு டேட்டா பதிஞ்ச அட்டை) படிச்சு ஓடுது. மெமரி வெறும் 1,400 கேரக்டர்ல ஆரம்பிச்சு 16,000 கேரக்டர் வரைக்கும் தான், இப்போ நாம ஒரு வெப்பேஜுக்கு போடற ஐகான் கூட அத விட பெருசு. பிரிண்டர் நிமிஷத்துக்கு 600 வரி அடிக்கும், அந்த சத்தத்துல பக்கத்துல நிக்கறவர் பேசறது கேக்காது. டெமோ காட்டறவங்க ரிட்டயர்டு இன்ஜினியருங்க, வாலண்டியரா வர்றாங்க, எதக் கேட்டாலும் பதில் வருது. கார்டு சிக்கினா என்ன பண்ணுவீங்கன்னு ஒருத்தர் கேக்க, பதில் சொல்லாம மூடிய திறந்து கைய விட்டு காமிச்சார் ஒரு பெரியவர். பிடிபி-1ங்கற இன்னொரு பழைய கம்ப்யூட்டரும் அங்க ஓடுது, எம்ஐடில 1962ல எழுதின ஸ்பேஸ்வார் கேம அந்த ஒரிஜினல் வகை மெஷின்லயே பாக்கலாம். எங்க குரூப்புக்கு குடுத்த நேரம் பத்தவே இல்ல. ஐபிஎம்மும் பிடிபியும் டெமோ தினமும் கிடையாது, குறிப்பிட்ட நாள்ல தான், அத பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க.

இப்போ ஸ்டார்ட்அப் விசிட். இதுல ரெண்டு ரகம். முதல் ரகம், ரிசப்ஷன்ல டேப்லெட்ட நீட்டி என்டிஏல (பாத்தத வெளிய சொல்ல மாட்டேங்கற ஒப்பந்தம்) கையெழுத்து வாங்குவாங்க, உள்ள போனா கான்ஃபரன்ஸ் ரூம், ஃபவுண்டர் வந்து ஸ்லைடு போடுவார், ‘நாங்க உலகத்த மாத்தப் போறோம்’, அப்புறம் ஸ்நாக்ஸ் அடுக்கி வச்ச கிச்சன், டேபிள் டென்னிஸ், பை பை. கோடு எழுதற ஒரு ஆள் கூட கண்ணுல பட மாட்டாங்க. அந்த ஸ்லைடெல்லாம் அவங்க இன்வெஸ்டருக்கு காட்டறது, நம்ம கிட்ட ஒரு ஒத்திகை பாத்துக்கறாங்கன்னு தான் எனக்கு பட்டுச்சு. ஒரு ஃபவுண்டர் மட்டும் பணத்த பத்தி வெளிப்படையா பேசினார், புது ஸ்டார்ட்அப்ல பணம் போடற ஒய் காம்பினேட்டர் தர்ற 5 லட்சம் டாலர் எப்படின்னா, 1,25,000 டாலருக்கு 7 சதவீதம் பங்கு எடுத்துக்குவாங்க, மிச்சம் 3,75,000க்கு இப்போ பங்கு எவ்ளோன்னு சொல்லாம ஒரு ‘சேஃப்’ டாக்குமெண்ட் (பின்னாடி பங்கா மாறற முதலீட்டு ஒப்பந்தம்) போட்டு, அடுத்து வர்ற இன்வெஸ்டருக்கு என்ன நல்ல கண்டிஷன் குடுக்கறாங்களோ அதே கண்டிஷன் அவங்களுக்கும்னு எழுதிக்குவாங்க. ‘5 லட்சத்துக்கு 7 சதவீதம்’னு நெனச்சுட்டு இருக்கறவங்க நெறைய பேர், அடுத்த ரவுண்டுல தான் இன்னும் எவ்ளோ பங்கு போகுதுன்னே தெரியும்னு வைட்போர்டுல கணக்கு போட்டே காட்டினார். அந்த அரை மணி நேரம் நல்லா இருந்துச்சு.

ரெண்டாவது ரகம் தான் நான் சொல்ல வந்தது. ஒரு சின்ன டீம், வேர்ஹவுஸ்ல பொட்டி எடுத்து வைக்கற ரோபோ கை பண்றவங்க. ஆபீஸ் பாத்தா ஆபீஸ் மாதிரியே இல்ல, கீழ ஒயரு, மேல ஒயரு, மூலைல உடைஞ்ச கிரிப்பருங்க (ரோபோவோட புடிக்கற விரல் பாகம்) குவியல். ஃபவுண்டர் ஊர்ல இல்லயாம், அதுவே நல்லதா போச்சு, ஒரு இன்ஜினியர் வந்து ‘எனக்கு ஸ்லைடெல்லாம் இல்ல, இன்னிக்கு என்ன உடைஞ்சிருக்குன்னு காட்டவா’ன்னு கேட்டாங்க. பிரச்சனை என்னன்னா பிளாஸ்டிக் கவர். டெப்த் கேமரா வெளிச்சத்த அனுப்பி திரும்பி வர்றத வச்சு தூரம் கண்டுபிடிக்குது, கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக்ல பாதி வெளிச்சம் ஊடுருவி போயிடுது, பளபளப்பான எடத்துல வேற பக்கம் தெறிச்சுடுது, அதனால ஸ்க்ரீன்ல பொருள் இருக்கற எடத்துல வெறும் ஓட்டையா தெரியுது, ரோபோ அந்த ஓட்டைக்குள்ள கைய விட்டு பொட்டிய இடிக்குது. எங்க கண்ணு முன்னாடியே இடிச்சுது. அவங்க சிரிச்சுட்டே எமர்ஜென்சி பட்டன தட்டினாங்க. இத எப்படி சரி பண்ண ட்ரை பண்றாங்க, சாதா கேமரா படத்தயும் சேத்து ஏஐ மாடலுக்கு குடுத்தா எவ்ளோ தேறுது, எங்க தேறல, எல்லாம் சொன்னாங்க. பேக்கேஜ்ல உலகத்த மாத்தறேன்னு சொல்லாத ஒரே கம்பெனி இது தான்.

இன்னொண்ணு டெவலப்பர் டூல் பண்ற கம்பெனி. அங்க சர்வர் பக்க கோடு எழுதற ஒரு பேக்கெண்ட் ஆள் கிட்ட நான் கேட்டது ஒரே கேள்வி, ‘எத தூக்கிப் போட்டீங்க?’. அவர் மொகமே மலர்ந்து போச்சு. செய்ய வேண்டிய வேலைய வரிசைல வைக்க தனியா வச்சிருந்த மெசேஜ் க்யூ சர்வர தூக்கிட்டு ஜாப் எல்லாத்தயும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிள்லயே போட்டுட்டாங்களாம், 2016ல வந்த 9.5 வெர்ஷன்ல இருந்து ‘ஸ்கிப் லாக்டு’ன்னு ஒரு வசதி இருக்கு, ஒரு வொர்க்கர் (ஜாப்ப எடுத்து செய்யற ப்ரோக்ராம்) புடிச்சு வச்சிருக்கற வரிய இன்னொரு வொர்க்கர் காத்துட்டு நிக்காம தாண்டி அடுத்த வரிய எடுத்துக்கும். ராத்திரி சிஸ்டம் படுத்துடுச்சுன்னு பேஜர் அடிச்சா பாக்க வேண்டிய எடம் ஒண்ணு குறைஞ்சுதுன்னார். உடனே அதோட குறையும் சொன்னார், வேல முடிஞ்ச வரி எல்லாம் செத்த வரியா சேந்து அத சுத்தம் பண்ற ‘வேக்கம்’ ஓடறது பின்தங்கினா டேபிள் ஊதிப் போகும், அத கண்ல விளக்கெண்ணெய் ஊத்திட்டு பாக்கணுமாம். இந்த மாதிரி பேச்சு கான்ஃபரன்ஸோட எந்த கீநோட்லயும் (மெயின் மேடை உரை) வராது. கைடு வாட்ச்ச பாத்து ‘டைம் ஆச்சு’ன்னு எங்கள கெளப்பினப்போ எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல, கெளம்பி எங்க போனோம், டேபிள் டென்னிஸ் பாக்க.

கான்ஃபரன்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோல பெரிய ஹால். கீநோட் முழுக்க ஏஐ ஏஜென்ட் அறிவிப்பு, எல்லாமே ‘விரைவில்’. பெரிய ஸ்டேஜ் டாக் எல்லாம் அப்புறம் யூட்யூப்ல வந்துடும், அதுக்கு க்யூல நின்னு முன்சீட் புடிக்கறது வேஸ்ட், 1.5 ஸ்பீட்ல வீட்லயே பாக்கலாம். வொர்க்ஷாப்புக்கு தான் போகணும்னு போனா, பாதி நேரம் எல்லாரும் பயிற்சிக்கு வேண்டிய டாக்கர் இமேஜ் (சாஃப்ட்வேர் எல்லாம் அடைச்ச பெரிய ஃபைல்) டவுன்லோட் பண்ணிட்டு உக்காந்திருந்தோம், அந்த வைஃபைல அது நகரவே இல்ல. ஹால்ல வைஃபை படுக்கறது ஒண்ணும் புதுசில்ல, 2010ல ஐபோன் 4 டெமோல ஸ்டீவ் ஜாப்ஸுக்கே நெட் வராம, இந்த ரூம்ல 570 வைஃபை பேஸ் ஸ்டேஷன் ஓடுது, எல்லாரும் அணைங்கன்னு மேடைல நின்னு கேக்க வேண்டியதா போச்சு. ஆனாலும் முதல் நாளே மெயில்ல ‘இத டவுன்லோட் பண்ணிட்டு வாங்க’ன்னு ஒரு வரி அனுப்பியிருக்கலாம்ல?

ஸ்பான்சர் பூத்ல டி-ஷர்ட்டுக்காக பேட்ஜ ஸ்கேன் பண்ண விடாதீங்க, இன்னும் எனக்கு சேல்ஸ் மெயில் வந்துட்டே இருக்கு, அன்சப்ஸ்க்ரைப் பண்ணா அவங்க பார்ட்னர் கம்பெனி மெயில் வருது.

டாக்குக்கு வெளிய ஹால்வேல நின்னு பேசறது தான் நெஜ கான்ஃபரன்ஸ், அது எல்லாரும் சொல்றது தான், ஆனா தனியா போற, கூச்ச சுபாவம் உள்ள ஆளுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு யாரும் சொல்றதில்ல. வட்டமா நின்னு பேசிட்டு இருக்கறவங்க முதுக பாத்துட்டே காபி கப்போட சுத்தி வர வேண்டியது தான். சாஃப்ட்வேர் டாக்குமெண்டேஷன் எழுதறவங்களுக்கான ரைட் த டாக்ஸ் கான்ஃபரன்ஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான எரிக் ஹோல்ஷர் இதுக்கு ‘பேக்மேன் ரூல்’னு ஒண்ணு சொல்லியிருக்கார், வட்டமா நிக்கும்போது அந்த பழைய வீடியோ கேம்ல வர்ற பேக்மேனோட திறந்த வாய் மாதிரி ஒரு ஆள் நிக்கற எடத்த திறந்தே விடணும், புதுசா ஒருத்தர் வந்து நின்னா மறுபடி எடம் விடணும். இங்க அத போஸ்டரா ஒட்டியிருந்தாங்க, சில பேர் நெஜமாவே நகந்து எடம் விட்டாங்க, ஏற்பாடு பண்ணவங்களுக்கு இதுக்காகவே அரை மார்க் கூடுதலா குடுப்பேன். அப்படி ஒரு வட்டத்துல தான் நான் தினம் யூஸ் பண்ற ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிய பாத்துக்கற ஆள் கிட்ட பேசினேன், ரொம்ப நாளா சரி பண்ணாம திறந்தே கெடக்கற ஒரு இஷ்யூவ (குறை பத்தின புகார் பதிவு) பத்தி கேட்டேன், அத சரி பண்ணா பழைய யூசருங்க கோடு எத்தன எடத்துல உடையும்னு டிஷ்யூ பேப்பர்ல படம் போட்டு விளக்கினார். அந்த இஷ்யூ கீழ போட்ட கோவமான கமெண்ட்ட அன்னிக்கு சாயங்காலமே எடுத்துட்டேன்.

போக்குவரத்து பத்தி சுருக்கமா. வேன் 101 ஹைவேல ஊர்ந்துச்சு. 2024 செப்டம்பர்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சான் ஹோசே நடுவுல கால்ட்ரெய்ன்ங்கற லோக்கல் ட்ரெய்ன் முழுக்க எலெக்ட்ரிக் ஆயிடுச்சு, உள்ள வைஃபை இருக்கு, பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ, சன்னிவேல் எல்லாம் அதே லைன்ல தான் வருது. தனியா போறவங்களுக்கு அதுவே போதும், ஸ்டேஷன்ல இருந்து மியூசியத்துக்கு மட்டும் ஒரு வண்டி புடிச்சுக்கலாம். விசாக்கு கான்ஃபரன்ஸ் அட்டெண்ட் பண்றது பி1ல (அமெரிக்க பிசினஸ் விசிட்டர் விசா) அடங்கும், இன்விடேஷன் லெட்டர கான்ஃபரன்ஸ்காரங்க கிட்டயே நேரா கேட்டு வாங்கலாம், அதுக்கு ஏஜென்சி தனியா சார்ஜ் போட்டா ஏன்னு கேளுங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி அவங்க கிட்ட கேக்க வேண்டியது, ஒவ்வொரு ஸ்டார்ட்அப்லயும் யார் பேசுவாங்க, ஃபவுண்டரா, மார்க்கெட்டிங்கா, இன்ஜினியரா, எவ்ளோ நேரம். எழுத்துல பதில் வரலன்னா விட்டுடுங்க. நான் திரும்பி வந்து ஃபீட்பேக் ஃபார்ம்ல, கேம்பஸ் போட்டோ ஸ்டாப்ப எல்லாம் எடுத்துட்டு அந்த ரோபோ டீம் மாதிரி எடத்துல முழு மத்தியானம் குடுங்கன்னு எழுதினேன். கேம்பஸ் போட்டோ இல்லன்னா பேக்கேஜ் விக்காது சார்னு பதில் வந்துச்சு.